மூன்று குண்டு, முந்நூறு நம்பிக்கை

ஒரு மாமனார், குச்சனூர்: அமெரிக்காவில் இருக்கும் மருமகன் வீட்டிலேயே ரைபிள் தோட்டா தயாரிக்கிறார். வெடிமருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு அளவுக்கும் மூன்று குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு, "சரியான அளவைப் பிடிச்சுட்டேன் மாமா" என்கிறார். நம்பலாமா?

மருமகனை நம்புங்கள், மூன்று குண்டை நம்பாதீர்கள். ஒரே பெட்டித் தோட்டாவை ஒரே துப்பாக்கியில் மூன்று மூன்றாகச் சுட்டாலே, ஒரு தடவை ஓட்டைகள் ஒட்டி விழும். அடுத்த தடவை இரண்டு மடங்கு விரியும். எதையும் மாற்றாமலே இந்தக் கூத்து. அப்படியிருக்க, பத்து அளவில் சுட்டு அழகானதைப் பொறுக்கினால், மாப்பிள்ளை பொறுக்கியது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான். மூன்று குண்டின் சராசரி விரிவு (மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் இடைவெளி) 1 என்றால், அதே தோட்டாவில் ஐந்துக்கு ஏறக்குறைய 1.27, பத்துக்கு 1.6 வரும். துப்பாக்கி கெடவில்லை, மறைந்திருந்தது தெரிகிறது. (நீங்கள் இங்கே முயல வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

இல்லத்தரசி, சின்னமனூர்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறே பதம் என்கிறோம். மூன்று குண்டு போதாதா?

வெந்ததா என்று பார்க்க ஒரு சோறு தாராளம். பத்துப் பானையில் எது மயிரிழை கூடுதலாகக் குழைந்தது என்று ஒரு பருக்கையை வைத்துச் சொல்லச் சொன்னால், நீங்களே கரண்டியைக் கீழே வைத்துவிடுவீர்கள். மருமகன்மார் கேட்பது இந்த இரண்டாவது கேள்வி. ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: மூன்று குண்டும் மூன்று திசையில் சிதறினால் அந்த அளவைத் தூக்கிப் போடலாம். மோசத்தைக் கழிக்க மூன்று போதும். நல்லதற்குச் சான்றிதழ் கொடுக்கப் போதாது.

கணக்கு வாத்தியார், உத்தமபாளையம்: குண்டின் வேகத்தை அளக்கத்தான் கருவி இருக்கிறதே?

கருவி சரிதான், எண்ணிக்கைதான் போதாது. மூன்று குண்டில் கிடைத்த திட்டவிலக்கத்துக்கு 95% நம்பிக்கை எல்லை என்ன? உண்மை அதில் பாதியாகவும் இருக்கலாம், ஆறு மடங்காகவும் இருக்கலாம். பத்து குண்டுக்கு அது 0.7 முதல் 1.8 மடங்குக்குள் அடங்கும். வகுப்பில் போட்டுக் காட்டுங்கள் சார்.

கல்லூரி மாணவி, கம்பம்: ஒலிம்பிக் வீரர்கள் தோட்டாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். தகுதிச் சுற்றில் 60 முறை சுட வேண்டும். அங்கே 'மூணு நல்லா விழுந்துச்சு' செல்லாது. 50 மீட்டருக்கான .22 தோட்டாவில் இன்னொரு தலைவலி: ஒரே கம்பெனி, ஒரே ரகம் என்றாலும், லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் குணமும் மாறும். அதனால் இங்கிலாந்தில் ஈலி, ஜெர்மனியில் லபுவா போன்றவர்களின் சோதனைக் கூடங்களில் துப்பாக்கியைக் கிளாம்பில் இறுக்கி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். கை நடுங்கியது என்ற சாக்குக்கே இடமில்லை.

அதே மாமனார், குச்சனூர்: மருமகனிடம் கேட்டேன். "நாலாவது குண்டு விலகிடுச்சு, அது என் தப்பு, கணக்குல சேர்க்கலை" என்றார்.

விலகியதெல்லாம் அவர் தப்பு, ஒட்டியதெல்லாம் தோட்டாவின் திறமை. மகள் விஷயத்திலும் இதே கணக்கா என்று விசாரியுங்கள்.

வியாபாரி, குச்சனூர்: சனீஸ்வரருக்கு மூன்று சனிக்கிழமை எள் விளக்கு போட்டேன். வராத கடன் வசூலானது. இதுவும் மூன்று குண்டு கணக்குதானா?

வேண்டுதல் பரிசோதனை இல்லை, தாராளமாகப் போடுங்கள். 'மூணே வாரம், கட்டாயம் நடக்கும்' என்று ஊரெல்லாம் சொல்வதாக இருந்தால் மட்டும், விளக்கு போட்டும் வசூலாகாதவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஆடிச் சனிக்கிழமை கோயில் வரிசையில் உங்களுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். காக்கை அவருடைய வாகனம்.