முனிக்கும் காஞ்சனாவுக்கும் இடையே ஓர் எண்: கரிசல் வட்டாரச் செவிவழி ஆய்வு

பேய்ப்படம் திரையில் முடிந்துவிடுகிறது என்பது அறிஞருலகில் இதுவரை நிலவிவரும் கொள்கை. அது பிழை. படம் வந்து பல வருஷம் கழித்து, பாட்காஸ்ட் என்ற பெயரில் இரண்டு மூன்று பேர் மைக்கைச் சுற்றி உட்கார்ந்து முதல் பாகம் தொட்டுக் கடைசிப் பாகம் வரை மறுபடி அலசும்போதுதான் தொடர் என்ற ஒன்றே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்களம் கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிறவருக்கும் சட்டத்தில் குச்சி அடுக்குகிறவருக்கும் கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். பேய்க்கு அந்த ஒரு வாசல் போதும் (சான்று: மதியச் சோற்று நேரம், தூக்குவாளி வரிசை, இடமிருந்து மூன்றாவது வாளி).

தொல்காப்பியத்தில் வேர் காட்டாத ஆய்வுக்குத் தமிழ்நாட்டில் பட்டம் கிடைப்பது அரிது என்பதால் அதையும் காட்டிவிடுவோம். அச்சம் பிறக்கும் இடங்களாக மெய்ப்பாட்டியல் அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என நான்கைச் சொல்லும். விலங்கு: நம் படங்களில் நாய் ஊளையிடும், அவ்வளவே. அரசன்: சந்திரமுகியின் வேட்டையன், 2005இல் ரஜினிகாந்த், 2023இல் ராகவா லாரன்ஸ். கள்வர்: பீட்சா. 2012இல் வந்த முதல் படத்தில் வைரத்தை அமுக்கிய கதாநாயகன், அதை மறைக்க ஒரு பங்களாப் பேய்க்கதையைக் கட்டிவிடுகிறான். பேசிப் பேசியே பேயை உண்டாக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2013இன் வில்லாவுக்கும் 2023இன் மூன்றாம் பீட்சாவுக்கும் முதல் கதையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்றையும் ஒரே குடும்பம் ஆக்கி வைப்பவர்கள் பாட்காஸ்ட் பேச்சாளர்கள்தாம்.

எஞ்சிய அணங்கு வகையில்தான் இத்துறையின் தீராத சிக்கல் கிடக்கிறது. 2007இல் முனி வந்தது. 2011இல் காஞ்சனா, அது முனியின் இரண்டாம் பாகம். 2015இல் காஞ்சனா 2. ஆகவே முனி 3. 2019இல் காஞ்சனா 3. ஆகவே முனி 4. காஞ்சனா எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் முனி எண் வரும் என்ற வாய்பாடு இதிலிருந்து பெறப்படுகிறது. இதை ஏற்போர் முனியெண்ணர், மறுப்போர் காஞ்சனையெண்ணர். இரு சாராரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதில்லை (காண்க: டீக்கடை மேற்குப் பெஞ்சு, திருத்திய பதிப்பு, கிழக்குப் பெஞ்சில் பாடபேதம் உண்டு). ஆனால் இரு சாராருமே 'காஞ்சனா ஒண்ணுல சரத்குமார் வர்ற சீன் இருக்கே' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தப் பெயரில் ஒரு படம் வெளிவந்ததே இல்லை என்பதை அறிஞர் உலகம் கவனிக்கத் தவறிவிட்டது. போஸ்டரில் காஞ்சனா உண்டு, ஒன்று கிடையாது. அந்த 'ஒண்ணு' பேச்சில் பிறந்து, பேச்சிலேயே வளர்ந்து, பேச்சிலேயே குடியிருக்கிறது (காண்க: கடலை மிட்டாய் சுற்றி வந்த தாள், முன்பக்கம், எண்ணெய் படியாத வரிகள் மட்டும், பின்பக்கத்தை எறும்புகள் பதிப்பித்துவிட்டன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றதாகையால் தாளின் நம்பகத்தன்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது).

நம் துணிபுக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். கண்ணுக்கெட்டிய தூரம் மறைவே இல்லாத கரிசல் வெளியில் பேய் எங்கே ஒளியும் என்பது ஒன்று. காதில் ஒளியும். அரண்மனைதான் வேண்டுமென்றால் பக்கத்தில் எட்டயபுரத்திலேயே இருக்கிறது, சுந்தர் சி. நான்கு அரண்மனைப் படங்கள் எடுத்தும் காது என்ற மறைவிடத்தை யாரும் இடிக்கவில்லை. முடிவு தெரிந்த கதையைத் திரும்பப் பேசினால் பயம் செத்துவிடாதா என்பது மற்றொன்று. முடிவு தெரிந்த கதையைத்தான் இந்த மண் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது. இடைசெவல் கி. ராஜநாராயணன் தேடித் தேடிச் சேர்த்த கதைகள் பலர் வாயில் பல தடவை புழங்கியவை. புழங்கியதால் அவை இளைக்கவில்லை, சதை போட்டன. கல்லூரிப் படி மிதிக்காத அவர் அந்தக் கதைகளின் பலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். அடிக்குறிப்பு போடத் தெரிந்தவர்கள் அவரை ஆராய்ந்து முனைவர் ஆனார்கள்.

ஆக, எண்ணில்லாத படத்துக்கு எண் கொடுத்து, உறவில்லாத படங்களுக்குச் சம்பந்தம் பேசி முடித்து, செத்த பேயை வாராவாரம் எழுப்பி உட்கார வைப்பவர் பேசுகிறவரே. அடுத்த பாகத்தின் வசூலில் அவருக்கும், பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்டவருக்கும் பங்கு தருவதுதான் நியாயம். தயாரிப்பாளர் மறுத்தால் முனியைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். பேரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்ட கோபம் அவருக்கும் இருக்கும்.