கரகரப்புக்குப் பத்தாயிரம்

கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். சின்னமனூரில் என்றால் வங்கி ஊழியர், உத்தமபாளையத்தில் என்றால் பாலிடெக்னிக் ஆசிரியர், போடியில் என்றால் ஏலக்காய்க் கடையின் இளைய முதலாளி. மாடி அறையில் ஓர் எலக்ட்ரிக் கிதார், பத்து வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர், எர்த் சரியில்லாத ஒரு பிளக் பாயின்ட். அந்தப் பிளக் பாயின்டின் உபயத்தில், கிதாரைத் தொடாமலே ஆம்ப்ளிஃபையர் 50 ஹெர்ட்ஸில் சுருதி கூட்டிக்கொண்டிருக்கும். மற்றபடி வாழ்க்கையில் குறையில்லாத மனிதர். ஓவர்டிரைவ் பெடலில் எதை வாங்குவது என்ற ஒரு கேள்விதான் தீரவில்லை. அது என்னடா என்று அம்மா கேட்டால், "கிதார் சத்தத்த லேசா உடைச்சு விடும்மா" என்பார். "உடைஞ்சத ஒட்டத்தான காசு குடுப்பாக?" என்பார் அம்மா. அந்தக் கேள்விக்கு இன்றுவரை அந்த வீட்டில் பதில் இல்லை. ஆனால் விளக்கம் என்னவோ சரியானதுதான். ஒரு சர்க்யூட் தாங்குகிற அளவுக்கு மேல் ஒலியைத் தள்ளினால் அலையின் தலை மழுங்கும். மழுங்கிய அலையில் புதிய மேல்சுரங்கள் முளைக்கும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். இதைக் காலால் மிதித்ததும் தருகிற டப்பாதான் பெடல்.

டப்பாவைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் விசேஷம். மற்றவர்கள் பொருளைக் கேட்டுப் பார்த்து வாங்குவார்கள். இவர் திறந்து பார்க்காமல் வாங்கமாட்டார். எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் சுசுமு தமுரா என்ற பொறியாளர் வடிவமைத்த பச்சை நிற டியூப் ஸ்க்ரீமர்தான் இவருக்கு மூலவர். 1981-இல் வந்த மஞ்சள் நிற பாஸ் எஸ்டி-1 உற்சவர். முன்னதில் டயோடுகள் அலையின் இரு பக்கத்தையும் ஒரே அளவில் மழுக்கும், பின்னதில் ஒரு பக்கத்தைக் கூடுதலாக விட்டுவைக்கும் என்று சாம்பார் ஆறும்வரை விளக்குவார். 1994-இல் அமெரிக்காவில் பில் ஃபினகன் கொண்டுவந்த க்ளான் சென்டாரின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும். உள்ளே இருப்பது தெரியக்கூடாதென்று சர்க்யூட் மேல் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். பழைய பெடல் ஒன்று இன்று லட்சங்களில் போகிறது. அதைச் செய்தவரே பின்னாளில், இந்த அபத்தமான பரபரப்பு என் வேலையல்ல என்று தன் அடுத்த பெடலின் மேலேயே அச்சடித்து விற்றார். நம்மவர் அதையும் பக்தியோடுதான் வாசிக்கிறார்.

இவரைப் பற்றி ஊரில் ஒரு தீர்ப்பு உண்டு: வெள்ளைக்காரன் வாசித்ததைக் கேட்டுக் கெட்டுப்போன பையன். எனக்கு இதில் உடன்பாடில்லை. இவர் தேடுவது டெக்சாஸ் சத்தமும் அல்ல, டோக்கியோ சத்தமும் அல்ல. தன்னைத் தூளியில் போட்டிருந்த காலத்தில் தெருமுனை வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரின் சத்தத்தைத்தான். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா என்றால் அக்கினிச்சட்டி, ராட்டினம், கூடவே வழியெல்லாம் குழாய். சத்தம் அடுத்த ஊருக்கும் எட்ட வேண்டும் என்பது விழாக் கமிட்டியின் கொள்கை. ஆம்ப்ளிஃபையரின் குமிழுக்கு முழுசாகத் திருகுவது ஒன்றுதான் நிலை என்பது மைக் செட்காரரின் கொள்கை. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஆம்ப்ளிஃபையர் திணறி அலையின் தலை மழுங்கியது. ஓவர்டிரைவ் என்ற பெயர் தெரியாமலே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் அதைக் கேட்டு வளர்ந்தது. 1958-இல் லிங்க் ரே என்ற அமெரிக்கர் இந்தக் கரகரப்பு வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கர் காகிதத்தைப் பென்சிலால் குத்திக் கிழித்தாராம். நம் ஊரில் அந்த வேலையை எலி பார்த்தது; யாரும் வரலாற்றில் எழுதவில்லை.

இது வெறும் கற்பனை ஒப்புமை என்று சொல்பவருக்கு டப்பாவின் உள்ளிருந்தே சாட்சி காட்டலாம். டியூப் ஸ்க்ரீமரின் குணமே நடு ஸ்தாயிதான். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை அது அவ்வளவாக ஊக்குவிப்பதில்லை. உச்சியையும் டோன் பகுதியில் சீவிவிடுகிறது. மிஞ்சுவது மனிதக் குரல் உலவுகிற நடுப்பகுதி. குழாய் ஸ்பீக்கர் செய்வதும் அதேதான். குழாயின் பின்னால் பொருத்தியிருக்கும் யூனிட்டின் சின்னத் தகடும் அந்தக் குழாயின் நீளமும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கொண்டுவர முடியாதவை. உச்சியிலும் வலு குறைவு. அதனால்தான் குழாயில் தவில் தட்டையாகவும் நாயனம் காதைத் துளைப்பதாகவும் கேட்டது. இன்னொரு சாட்சியும் உண்டு. பச்சை டப்பாவின் புகழுக்குக் காரணம் என்று நம்மவர் ஆணையிடும் 4558 என்ற ஐசி, ஊரில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர்களின் பேஸ்-ட்ரெபிள் போர்டுகளில் காலங்காலமாகக் குந்தியிருப்பது. ஜப்பான் எழுத்துப் பொறித்த ஒன்று கிடைக்குமா என்று மதுரைக்குப் பஸ் ஏறுகிறார். அதே நம்பர் அவர் பஸ் ஏறிய ஸ்டாண்டு டீக்கடையின் ஸ்பீக்கர் செட்டுக்குள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறது.

நியாயமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. பெடல் அலையின் தலையை நயமாக உருட்டுகிறது. திணறும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் அரிவாளால் வெட்டுகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நயமாக உருட்டுவது எதற்காக? வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று ஏற்கெனவே உடையும் தறுவாயில் இருக்கும். அதைக் கொஞ்சம் முன்னே தள்ளத்தான் இந்தப் பெடலைப் பெரும்பாலோர் மிதித்தார்கள். நம்மவர் மாடியில் வால்வும் இல்லை, தறுவாயும் இல்லை. மேடையில் இன்னும் மோசம். மெல்லிசைக் குழுவில் இவர் வாசிக்கும் நாளில் கிதார் ஒயர் நேரே மிக்ஸருக்குப் போகும். டிரைவ், டோன், லெவல் என்ற மூன்று குமிழையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, மூன்று மாத ஆராய்ச்சியின் முடிவை மிதித்துக் காட்டுவார். மிக்ஸருக்குப் பின்னாலிருந்து மைக் செட்காரரின் தலை எட்டிப் பார்க்கும். "தம்பி, ஜாக்கு லூசா இருக்கு பாருங்க, கரகரங்குது." லூஸ் இல்லண்ணே, அது எஃபெக்ட் என்று இவர் சொல்ல, "அந்தக் கரகரப்ப எடுக்கத்தான தம்பி போன வருசம் குழாய எடுத்துட்டு பாக்ஸ் ஸ்பீக்கரா மாத்துனோம்" என்பார் அவர். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இருவரும் பேசுவது ஒரே சத்தத்தைப் பற்றித்தான். ஒருவர் செலவழித்து ஒழித்ததை இன்னொருவர் பத்தாயிரம் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்.

பண்ணைப்புரத்தைக் காட்டி வாயடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இளையராஜா பிறந்த மண்ணில் டப்பா எதற்கு, அவர் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது நைலான் நரம்பு போட்ட கிளாசிக்கல் கிதாரில் அல்லவா என்று. ரசிகர்கள் சீட்டெழுதிக் கேட்கும் 'என் இனிய பொன் நிலாவே'வுக்கும் 'இளைய நிலா'வுக்கும் ஓவர்டிரைவ் தேவையில்லை என்பதும் வாஸ்தவம்தான். ஆனால் ஸ்டூடியோவில் துல்லியமாகப் பதிவான அந்தப் பாட்டுகளை இந்த ஊர் முதலில் எதில் கேட்டது? கல்யாண வீட்டுப் பந்தலில், காதுகுத்தில், டூரிங் டாக்கீஸில் படம் தொடங்குமுன். துல்லியமான கிதாரும் இங்கே கரகரத்துத்தான் வந்து சேர்ந்தது. 'இளைய நிலா'வை டிரைவ் போட்டு வாசிக்கிற நம்மவரை அபசாரம் என்று ஏசுகிறார்கள். என்னைக் கேட்டால், வாசிப்பு சுமார்தான். ஆனால் அவர் பாட்டைக் கெடுக்கவில்லை, ஊர் கேட்ட மாதிரி வாசிக்கிறார்.

இந்தப் பெடலுக்கும் அந்தப் பெடலுக்கும் வித்தியாசம் யாருக்கப்பா தெரியும் என்ற கேள்வியைத் தேனி மாவட்டத்துக்காரர் கேட்கக்கூடாது. போடி ஏலத்தில் ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டி, எட்டு மில்லி தேறுமா, பச்சை எத்தனை அழுத்தம் என்று பார்த்தே கிலோவுக்கு நூறு இருநூறு ஏற்றி இறக்குகிறார்கள். பாயசத்தில் போட்டபின் அதைக் கண்டுபிடிக்க எந்த நாக்காலும் ஆகாது. அதற்காக ஏலக்காரர்களை யாரும் பைத்தியம் என்பதில்லை. இவரும் அந்த வம்சம்தான். பச்சை கொஞ்சம் வெளுத்தால் விலை பேசமாட்டார்.

இப்போது குழாய்களுக்குக் காலம் சரியில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வாயைக் கட்டின. கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை என்று போலீசும் வருடாவருடம் நினைவூட்டுகிறது. பாக்ஸ் வந்தாயிற்று, சத்தம் சுத்தமாயிற்று, பழைய குழாய்கள் மைக் செட்காரரின் கொட்டகையில் எடைக்குப் போகக் காத்திருக்கின்றன. ஆகவே பெடல் தேடுபவருக்கு நான் தரக்கூடிய ஒரே யோசனை, அந்தக் குழாய்களில் ஒன்றை யூனிட்டோடு வாங்கி மாடியில் மாட்டிக்கொள்ளலாம் என்பது. விலை குறைவு, நடு ஸ்தாயி நிச்சயம், 4558 வேண்டுமானால் பழைய ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்துத் தருவார்கள். அவர் ஏற்கமாட்டார். பெடலை அணைத்தால் கிதார் ஒலி எந்தச் சர்க்யூட்டும் தொடாமல் அப்படியே போக வேண்டும், அதற்கு ட்ரூ பைபாஸ் என்று பெயர். அவருடைய மூலவரான பச்சை டப்பாவுக்கே அது கிடையாது. அதை அவர் மன்னித்துவிட்டார். குழாயிடம் மட்டும் கறாராக இருப்பார்: "அதுல ட்ரூ பைபாஸ் இல்லையேண்ணே." இல்லைதான். மார்கழி காலையில் அதை அணைக்கப் பார்த்த எல்லோருக்கும் அது தெரியும்.