மணிக்கு 1 ரூபாய் 39 காசு

மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பெற்றவளுக்கு நம் நாட்டில் மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் பந்தல், பிளக்ஸ், மைக் செட். அமைச்சர் வந்து சேரும்வரை பிள்ளையின் எச்சிலை முந்தானையால் துடைத்தபடி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கேமரா அங்கேதானே திரும்பும்! பிறகு "தியாகத் தாய்" என்று ஒரு சால்வை. தியாகி என்று சொல்லிவிட்டால் கூலி கேட்க மாட்டாள் பாருங்கள்.

சும்மா சொல்லக் கூடாது, கூலியும் உண்டு. பராமரிப்பவருக்குப் படி தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மாதம் 1,000 ரூபாய், அதுவும் உயர் ஆதரவு தேவைப்படுபவர் என்று முத்திரை வாங்கிய வீட்டுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தாலும் டியூட்டிதான், வார லீவு கிடையாது. 30 நாளுக்கு 720 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 1 ரூபாய் 39 காசு. பராமரிப்பு உதவித்தொகை வேறு 2,000 தருகிறோமே என்பார்கள். டயப்பருக்கும் மாத்திரைக்கும் ஆட்டோவுக்கும் போக மிச்சமிருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

டெல்லியின் தாராளம் இன்னும் உசத்தி. இந்திரா காந்தி பெயரிலான ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசு தருவது மாதம் 300. 2012-இல் 200-ஐ 300 ஆக்கிய களைப்பு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. நாளுக்குப் பத்து ரூபாய், டீக்கடையில் நீட்டினால் பாக்கி கேட்பான். அதற்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஊனம் 80 சதவீதம் வேண்டும், டாக்டர் 79 என்று எழுதிவிட்டால் பையன் எழுந்து ஓடிவிடுவான் என்று கணக்கு. வயது 18 ஆகியிருக்க வேண்டும். அதுவரை எடை கம்மி, இடுப்பிலேயே தூக்கித் திரியலாம் என்ற கரிசனம்.

அதே 2016 சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படித்தால் வயிறு எரிகிறது. மற்றவர்களுக்கான திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது கூடக் கொடு என்கிறது அது. விதவை ஓய்வூதியத்துக்கு டெல்லி தருவது 300, இவர்களுக்கும் அதே 300. விதவைக்கு அதுவே அநியாயம், அது தனிக் கதை. இவர்களுடைய 75 ரூபாய் எங்கே ஐயா? சட்டம் நிறைவேறியபோது மேசையைத் தட்டிய கைகளில் ஒன்றுகூடவா இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை?

கிடைக்கிற காசுக்கும் கைரேகை. மூளை முடக்குவாதத்தில் இறுகிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அம்மா மெஷினில் அழுத்துகிறாள். ரேகை விழவில்லை. "ஒழுங்கா வைக்கச் சொல்லும்மா." "சொல்றது அவனுக்குக் கேக்குது சார், கைக்குத்தான் கேக்க மாட்டேங்குது." ஆபரேட்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்.

இந்தத் தாய்மார்கள் சாமியிடம் வேண்டுவது என்ன தெரியுமா? எனக்கு ஒரு நாள் முன்னாடி இவன் போயிடணும். பெற்றவள் வாயில் இதை வரவழைத்துவிட்டு, பந்தலில் வைத்து அவளை மனஉறுதிக்குப் பாராட்டுகிறார்கள். அந்த வேண்டுதல் பலித்தால் அரசு கைவிடாது. மாற்றுத்திறனாளிகள் நல வாரியத்தில் பதிந்திருந்தால் ஈமச்சடங்குக்கு உதவித்தொகை உண்டு. அதற்கு 80 சதவீதம் கேட்பதில்லை, 40 போதும்.