கரி பிடித்த மாருதி

ஆரல்வாய்மொழியில் ஆனி, ஆடி மாதங்களில் கார் பானெட்டைத் திறப்பவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது நல்லது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நெருக்கியடித்துப் புகுந்து வரும் ஊர் இது. முப்பந்தல் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தம்முடைய பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே கரி எடுக்க நாள் குறித்தது அப்படியொரு ஆடியில். கார்புரேட்டர் க்ளீனரை ஒரு பீய்ச்சுப் பீய்ச்சினார். பாதி கார்புரேட்டருக்கும் மீதி அவர் மீசைக்கும் போயிற்று.

வாத்தியாருக்கு வண்டி மேல் உயிர். கரி பிடித்ததே அதனால்தான். காலையில் தோவாளைப் பூச்சந்தை, சாயங்காலம் கோயில். நாலைந்து கிலோமீட்டர் போவதற்குள் எஞ்சினுக்கு அலுப்பாக இருக்குமே என்று நிறுத்திவிடுவார். ஒழுங்காகச் சூடேறவே அதற்கு வாய்ப்பில்லை. போதாததற்கு, வண்டியைக் கிளப்ப இழுத்த சோக்கை உள்ளே தள்ளாமல் தோவாளை வரை அப்படியே ஓட்டுவார். எஞ்சினுக்குக் குளிருமாம். குமரி மாவட்டத்தில்!

ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். சோக் காற்றை மறிக்கும். மிஞ்சுகிற பெட்ரோல் அரைகுறையாக எரிந்து பிஸ்டன் தலையிலும் ஸ்பார்க் பிளக்கிலும் கரியாகப் படியும். பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மேலே படிந்த கரியைத் தானே எரித்துவிடும். பூச்சந்தைக்குப் போய்வரும் பிளக்குக்கு அந்தக் கொடுப்பினை ஏது? கழற்றிப் பார்த்தபோது உள்நுனியில் வெள்ளைப் பீங்கான் இருந்த அடையாளமே இல்லை. காய்ந்த கறுப்புத்தூள் தொட்ட விரலில் ஏறி, விரலிலிருந்து வேட்டிக்கு இறங்கியது.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? அம்பாசடர் ஓட்டிப் பழகிய பெரியவர், சிலிண்டர் ஹெட்டை இறக்கி மண்ணெண்ணெயில் ஊறப்போடச் சொன்னார். அந்தக் காலத்தில் டீகார்ப் என்கிற இந்தக் கரியெடுப்பும் வால்வு கிரைண்டிங்கும் வழக்கமான வேலைகள்தான். ஆனால் ஹெட்டைத் திரும்ப ஏற்றப் புது கேஸ்கட் வேண்டும், போல்ட்டுகளை அளவான முறுக்கில், வரிசை தப்பாமல் இறுக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து முடிக்கிற காரியமில்லை.

எஞ்சின் ஓடும்போது தண்ணீர் தெளித்தால் ஆவியாகிக் கரியைப் பெயர்க்கும் என்றான் பக்கத்து வீட்டுப் பையன். பொய்யில்லை. பனிபோல் நுண்ணிய துளியாகப் போனால் பெயர்க்கும். கொஞ்சம் கூடிப்போனாலோ, தண்ணீரை அமுக்க முடியாமல் பிஸ்டன் திணற, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெளிநாட்டில் வால்நட் ஓட்டைப் பொடித்து வால்வில் அடிக்கிறார்களே என்றும் கேட்டான். அது சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் புதிய எஞ்சின்களுக்கான வைத்தியம். அவற்றில் இன்டேக் வால்வைக் கழுவிவிடப் பெட்ரோல் அந்தப் பக்கமே வராது. மாருதியில் வருகிறது. அதனால் பெட்ரோல் டாங்கில் ஊற்றும், கரி கழுவும் பாலியீதர் அமீன் மருந்துக்காவது இங்கே ஓரளவு வேலை உண்டு. நாஞ்சில் நாட்டில் வால்நட்டுக்குப் பதில் சிரட்டையைப் பொடிக்கலாமா என்று வாத்தியார் யோசித்ததை அவர் மனைவிதான் தடுத்தார்.

கடைசியில் மெக்கானிக் பையன் வந்தான். பிளக்கைச் சுரண்டவில்லை, புதுசு மாட்டினான்.

“வண்டிய வெரட்டணும் சாரே. தொட்டில்ல போட்டு ஆட்டினா கரி பிடிக்காம பிச்சிப்பூவா பூக்கும்?”

சாவியைத் தானே வாங்கிக்கொண்டு, நாற்கரச் சாலையில் வள்ளியூர் வரை மூன்றாம் கியரில் கதறக் கதற ஓட்டினான். பின்னால் கரும்புகை தள்ளியது, போகப்போகக் குறைந்தது. லேசான கரிக்குத்தான் இந்தச் சிகிச்சை. வால்வில் இறுகிப்போனது இதற்கெல்லாம் அசையாது.

காவல்கிணறு தாண்டும்போது வாத்தியார் மகேந்திரகிரி மலையைக் காட்டினார். அங்கே இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சினில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிகின்றன. கரிக்கு வழியே இல்லை, வருவது நீராவிதான். அங்கேயே 2025 மார்ச்சில் சூடேற்றிப் பார்த்த செமி-கிரையோ எஞ்சின் பாகத்துக்கு எரிபொருள் சுத்திகரித்த மண்ணெண்ணெய். டர்பைனைச் சுழற்றும் முதல் எரிகலத்தில் மண்ணெண்ணெயைக் கூட்டினால் டர்பைன் கரியாகும். அதனால் ஆக்சிஜனைத்தான் அங்கே தாராளமாக விடுகிறார்கள் என்று பாடம் நடத்தி முடித்தார்.

பையன் டேஷ்போர்டைப் பார்த்தான். “அப்பம் அவியளுக்கு சோக்க உள்ள தள்ளத் தெரிஞ்சிருக்கு சாரே.”