பூட்டும் சாவியும் ஒரே விலையில்

மெய்நிகர் இயந்திரத்தைச் சட்டென்று எழுப்ப ரெடிமேட் டிஸ்க் இமேஜ் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் இறக்கினால் போதும். நேர மண்டலம், விசைப்பலகை என்று நிறுவல் நிரல் கேட்கும் கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீட்டுத் தேக்குக் கதவை நிலையோடு வாங்கிப் புதுவீட்டில் பொருத்துகிற மாதிரிதான். அந்தக் கதவின் சாவியாவது ஊருக்கெல்லாம் கிடைக்காது. இமேஜின் சாவியோ எல்லோருக்கும் தெரியும்: காளி லினக்ஸ் இயங்குதளத்தின் இமேஜில் பயனர்பெயர் ‘காளி’, கடவுச்சொல்லும் ‘காளி’. வேக்ரன்ட் கருவிக்கான இமேஜ்களில் (‘பெட்டிகள்’) இரண்டுமே வழக்கமாக ‘வேக்ரன்ட்’. தயாரித்தவர்களே ஆவணத்தில் அச்சிட்டுத் தரும் பரம ரகசியம். தயாரித்தவர் அழிக்க மறந்தால் தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிகளும் எல்லா நகலிலும் ஒன்றேதான். இவற்றை மாற்ற ஓரிரு கட்டளைகள் போதும். நிறுவலில் அரைமணி மிச்சம் பிடித்தவர்கள் அதற்கு மட்டும் நேரமில்லை என்பார்கள்.