கண்ணாடிக்குப் போட்ட முக்காடு

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா விற்பது சட்டப்படியான தொழில். உரிமம், அலாரம், கேமரா, பூட்டிய அலமாரி என்று வரிசையாகக் கெடுபிடிகள். போதாதென்று, வயது நிரம்பாத பிள்ளைகள் கண்ணில் சரக்கு படவே கூடாது என்றது சட்டம். (மதுக்கடை ஜன்னலில் விஸ்கி பாட்டில் பளபளத்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்கள் போலும்.)

கடைக்காரர்கள் பலர் கண்ணாடி முழுக்கப் படலம் ஒட்டி மறைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெருவில் போகிறவருக்கும் ரோந்து வரும் போலீசுக்கும்கூடத்தான்! இந்த வசதியை உடனே புரிந்துகொண்டவர்கள் கொள்ளையர்கள். முகமூடியோடு நுழைந்துவிட்டால் எட்டிப் பார்க்க ஆளில்லை. திருட வருகிறவனுக்குத் திரை கட்டித் தருவது கடைக்காரர் செலவு. கேமரா பாவம், கடமை தவறாமல் முகமூடியைத் துல்லியமாகப் பதிவு செய்தது.

ஊழியர்களின் உயிர் பற்றிய யோசனை 2022இல் வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மறைப்பு விதியைத் தளர்த்தியது. இப்போது கல்லாவில் நிற்பவர் முகம் தெருவுக்குத் தெரியலாம். சரக்கு மட்டும் இன்னும் கோஷாதான்.