ராக் கச்சேரியும் கடைசி ரயிலும்

லண்டன்

அன்புள்ள அத்தானுக்கு,

  உங்கள் சின்னவன் இங்கே படிக்க வந்த கையோடு ராக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டான் என்றும், அந்தக் காசுக்கு ஊரில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆட்டுக் கணக்கில் குற்றமில்லை. "இவ்வளவு வாங்குகிறவன் எத்தனை மணி நேரம் பாடுவான்?" என்ற கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். பெரிய குழு என்றால் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். கோவில் கொடைக்கு விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர் நீங்கள். இது பட்டப்பகல் கொள்ளை என்றுதான் உங்களுக்குத் தோன்றும். ஆனால் பாட்டுக்காரனைத் திட்டிப் பயனில்லை, அத்தான். கச்சேரி எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்கிறவன் மேடைக்கு வெளியே இருக்கிறான் என்பதே என் கட்சி.

டிக்கெட்டில் ஏழு மணி என்று போட்டிருக்கும். அது வாசல் திறக்கும் நேரம். கல்யாண அழைப்பிதழில் முகூர்த்தம் போட்டிருப்பதைப் பார்த்து அந்த நேரத்துக்கே பந்தியில் போய் உட்கார முடியுமா? அதுபோலத்தான். முதலில் பேர் தெரியாத ஒரு சின்னக் குழு அரை மணியோ முக்கால் மணியோ பாடும். பிறகு அவர்களுடைய டிரம்மையும் பெட்டிகளையும் இறக்கி, பெரியவர்களுடையதை ஏற்ற இன்னொரு அரை மணி. கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் வந்து மைக்கில் "ஒன், டூ" சொல்வான்; கூட்டம் அதற்கும் கை தட்டும். ஆக, நட்சத்திரக் குழு மேடைக்கு வரும்போது மணி எட்டே முக்கால், ஒன்பது. பத்தரைக்கோ பதினொன்றுக்கோ நிறுத்தியாக வேண்டும். அந்தக் கெடுவுக்கு இங்கே கர்ஃப்யூ என்றே பேர். நம்மூரில் கலவரத்துக்குப் போடுகிற ஊரடங்கை இவர்கள் பாட்டுக்கும் போடுகிறார்கள்.

இது வெறும் பேச்சளவில் உள்ள விதியும் இல்லை. 2012 ஜூலை 14 அன்று ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பாடிவிட்டு, கடைசியில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியையும் மேடைக்கு அழைத்துச் சேர்ந்து பாடினார். உரிமம் பத்தரை வரைதான். நேரம் கடந்தது, ஒலியை அணைத்துவிட்டார்கள். இருவரும் நன்றி சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்காவது கேட்டதோ என்னவோ. "வெள்ளைக்காரன் ஊரில் அப்படித்தான்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். 2023 ஏப்ரல் 30 அன்று புனேயில் ஏ.ஆர். ரஹ்மான் பாடிக்கொண்டிருந்த மேடையிலேயே போலீஸ்காரர் ஏறிப் பத்து மணியாகிவிட்டது, நிறுத்துங்கள் என்றார். இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த விதி நம் நாடு முழுவதற்கும் உண்டு. மாநில அரசு நினைத்தால் வருடத்தில் பதினைந்து நாள்வரை, நடுராத்திரிவரை மட்டும் தளர்த்தலாம். கோவில் கமிட்டிக்காரர்களிடம் கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள்.

மனமிருந்தால் ஒருவன் கூடுதலாகப் பாடமாட்டானா என்று கேட்பீர்கள். பாடுவான், வெளியே இருப்பவன் விட்டால். அதே ஸ்பிரிங்ஸ்டீன் அதே மாதம் 31-ம் தேதி ஹெல்சின்கியில் 33 பாட்டு, நாலு மணி ஆறு நிமிடம் பாடினார். மனுஷன் அதேதான், தொண்டையும் அதேதான், மாறியது ஊர். மறுபக்கம் பீட்டில்ஸைப் பாருங்கள். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கூடியிருக்க, 12 பாட்டு, சுமார் அரை மணி நேரம். அவ்வளவுதான். மறுவருடம் சான்பிரான்சிஸ்கோவில் 11 பாட்டு. சோம்பேறித்தனம் என்று சொல்ல வராது. ஒரே டிக்கெட்டில் நாலைந்து குழுக்கள் வரிசையாக வருவது அக்கால வழக்கம், கடைசிக் குழுவின் பங்கு அரை மணி. கூட்டம் போட்ட கூச்சலில் அந்த அரை மணியும் யார் காதிலும் சரியாக விழவில்லை என்பது வேறு கதை. ஆக, நேரத்தை வைத்துப் பாட்டை எடை போட்டால் உலகப் புகழ்பெற்ற அந்தக் கச்சேரி நம்மூர் மைக் டெஸ்டிங்கை விடச் சின்னது.

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கொடையில் வில்லுப்பாட்டுப் புலவர் விடியும்வரை பாடுவது அவருடைய தாராளம் என்றா நினைக்கிறீர்கள்? சாமி இறங்குகிற கட்டத்துக்குக் கதை சரியாகப் போய்ச் சேர வேண்டும். பூசை தாமதமானால் கதையை இழுப்பார்; தீபாராதனைக்கு ஆயத்தமாகிவிட்டால் பதினாலு வருஷ வனவாசத்தை நாலு அடியில் முடிப்பார். வில்லில் வீசுகோல் விழும்போதும் அவர் கண் கோவில் நடையில்தான் இருக்கும். பீர் முகம்மது அப்பா தர்காவில் ரஜப் மாதம் ஞானப்புகழ்ச்சியை ராத்திரி முழுக்கப் பாடுகிறார்களே, அங்கே கணக்கு சொல்வது அந்த நூலின் நீளம். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனை எழுந்தருளச் செய்து கொண்டுபோகிறோமே, திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபம், அங்கே கணக்கு சொல்வது கடிகாரம்: மாலை ஆறுக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடியும். எவ்வளவு பெரிய வித்வான் ஆனாலும் சரி, ஒரு கைதட்டுகூடக் கிடையாது. ஆளுக்கு ஆள் நீட்டிக்கொண்டு போக அங்கே இடமே இல்லை. அதற்காக யாரும் அதை ஏமாற்று என்று சொன்னதாகக் கேள்வியில்லை.

காசுக்கு ஏற்ற நேரம் வேண்டாமா என்றால், டிக்கெட் காசில் பாட்டு ஒரு பங்குதான், அத்தான். இரும்பு மேடை, விளக்குத் தொங்கல், இரவோடு இரவாக எல்லாவற்றையும் அவிழ்த்து லாரியில் அடுக்கி அடுத்த ஊருக்கு ஓட்டும் ஆட்கள், நேரம் கூடினால் அவர்களுக்குக் கூடுதல் கூலி. அதோடு டிரம்காரன் கை ஓய்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ஏற்றுக்கொள்ளும்போது புலவர் ஒரு மடக்கு சுக்குக்காப்பி குடிக்கலாம், இவனுக்கு அதற்கும் வழியில்லை.

சின்னவனுக்கு ஒன்று மட்டும் எழுதிவிடுங்கள். குழு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனதும் கிளம்பிவிட வேண்டாம். அது பொய்ப் போக்கு. மேடைத் தரையில் ஒட்டிவைத்திருக்கும் பாட்டு வரிசைத் தாளில் ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே "ரசிகர்கள் வற்புறுத்தியதால்" பாடப்போகிற இரண்டு மூன்று பாட்டையும் காலையிலேயே எழுதியிருப்பார்கள். பேர்பெற்ற பாட்டு பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். அடைப்பிரதமன் வருமுன் பந்தியிலிருந்து எழும்புவார் உண்டா? மேடை இருட்டாக இருக்கிறதா, யாராவது வந்து கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிறானா என்று பார்க்கட்டும். அரங்கத்து விளக்குகள் எல்லாம் ஒன்றுபோல எரிந்தால்தான் முடிந்தது என்று பொருள். அப்புறம் ரயிலைப் பிடிக்க ஓடட்டும். பாதாள ரயில் வெள்ளி, சனி தவிர மற்ற நாட்களில் விடியும்வரை ஓடாது.

அக்காளிடமும் சொல்லிவையுங்கள். அன்றைக்கு நடுராத்திரிவரை அவன் போன் எடுக்காவிட்டால் பதற வேண்டாம், காது இரைந்துகொண்டிருக்கும். இங்கே பன்னிரண்டு என்றால் இந்தக் கோடைக் கணக்கில் அங்கே நாலரை. அவள் முற்றம் தூத்துக்கொண்டிருக்கிற நேரம்தான்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்